நாடாவில் இருப்பதும் திரையில் தோன்றுவதும்

காரியம் வெளிப்படுவதற்கு முன்பே தன் காரணத்தில் நுண்வடிவாக இருக்கிறது என்று கொள்வது சற்காரியவாதம். முன்பு இல்லாத ஒன்று காரணங்களின் கூட்டத்தால் புதிதாக உண்டாகிறது என்று கொள்வது அசற்காரியவாதம். சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் முதற்கொள்கையைப் பற்றி நின்றனர். நியாய வைசேடிகர் இரண்டாவதைப் பற்றி நின்றனர். இந்த வழக்கில் நெடுங்காலமாக எடுத்தாளப்படும் சான்றுகள் எள்ளும் எண்ணெயும், மண்ணும் குடமும் ஆகும். எள்ளை விரலால் நசுக்கினாலே பிசுபிசுப்புத் தெரிந்துவிடுவதால், எண்ணெய் உள்ளே இருந்தது என்பதை மறுக்க எவரும் முன்வருவதில்லை. மண்ணிலிருந்தோ குடமும் வரலாம், அகலும் ஓடும் வரலாம் என்பதால், இன்ன குடம் இன்ன மண்ணில் முன்பே இருந்தது என்று சொல்வதற்குத் துணிவு வேண்டும். முதற்சான்று மிக எளிது, இரண்டாவது மிகத் தளர்வானது. பழைய ஆசிரியர்களுக்குக் கிட்டாத, இவ்விரண்டினும் கூர்மையான ஒரு சான்று தொலைக்காட்சி நிலையங்களின் பதிவறையில் இருந்தது. அது வீடியோ டேப் ரெக்கார்டர், தொழில் வழக்கில் வி.டி.ஆர். எனப்படும் கருவி.

ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956-இல் காட்சிக்கு வைத்த முதல் தொழில்முறைக் கருவி 2 அங்குல அகல நாடாவில் பதிந்தது; சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியபோது, சோனியின் முக்கால் அங்குல யூமாட்டிக் கேசட் சந்தைக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த யூமாட்டிக் நாடாவை விளக்கொளியில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பழுப்பு நிறப் பூச்சைத் தவிர வேறெதுவும் தெரியாது. திரைப்படச் சுருளைத் தூக்கிப் பிடித்தால் முகமாவது தெரியும். இதில் ஒரு புள்ளியும் தெரியாது. பூச்சிலுள்ள காந்தத் துகள்கள் எத்திசை நோக்கிக் கிடக்கின்றன என்பது மட்டுமே பதிவு. அதை எழுதுவதும் படிப்பதும், சுழலும் உருளையாகிய டிரம்மின் விளிம்பில் பொருத்தப்பட்ட இரண்டு காந்த முனைகள், அதாவது ஹெட்டுகள். நாடா வினாடிக்கு ஏறத்தாழ ஒன்பதரை சென்டிமீட்டர் நகர, 11 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரம் வினாடிக்கு 25 முறை சுழன்று, நாடாவின் மேல் சாய்வான கோடுகளாக ஒவ்வொரு கோட்டுக்கும் அரைப்படம் வீதம் எழுதுகிறது. நாடாவின் மேல் ஹெட் ஓடும் வேகம் வினாடிக்கு எட்டரை மீட்டர்; நாடா எறும்பாக ஊர, ஹெட் குதிரையாகப் பாய்கிறது எனலாம்.

மண் குடமாக மாறுவதுபோல் நாடா படமாக மாறுவதில்லையே என்ற தடை இங்கே எழும். தடை நியாயமானதே. ஆனால் சித்தாந்தி காரணத்தில் இருப்பதாகச் சொல்வது காரியத்தின் பருவடிவை அன்று. சத்தி வடிவாக, அதாவது வெளிப்படுவதற்குரிய ஆற்றலாக, அது இருக்கிறது என்றும், பின்னர் வியத்தி வடிவாக, அதாவது கண்ணுக்குப் புலனாகும் வண்ணம், வெளிப்படுகிறது என்றுமே அவர் சொல்கிறார். எதிலிருந்தும் எதுவும் தோன்றிவிடாது என்பது சாங்கிய காரிகை கூறும் ஐந்து ஏதுக்களுள் ஒன்று. யூமாட்டிக் கேசட்டில் பதிந்த கச்சேரியிலிருந்து அந்தக் கச்சேரியே வரும், வேறு கச்சேரி வராது; அரை அங்குல பீட்டாகேம் கருவியில் அந்தக் கேசட் நுழையவே நுழையாது. குடத்துக்கும் மண்ணுக்கும் இடையே இல்லாத இறுக்கமான உறவு இது.

சித்தாந்தம் காரணத்தை மூன்றாகப் பகுக்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், குயவனின் தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகத்துக்கு மாயை முதற்காரணம், சிவசத்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணம். வி.டி.ஆர். அறையில் நாடா, கருவி, இயக்குபவர் என மூன்றும் தத்தம் இடத்தில் வந்து அமர்கின்றன. சுழலும் டிரம் குயவனின் சக்கரத்தை நினைவூட்டுவதும் தற்செயலே எனினும் பொருத்தமாக இருக்கிறது. சக்கரமும் மோட்டாரும் பிரேக்கும் செய்யும் தொழிற்சாலைகளால் 1960-கள் முதல் அறியப்பட்ட சென்னையின் பாடிப் பகுதியைச் சேர்ந்த ஒரு தொழிலாளிக்கு இக்கருவியின் உட்புறத்தை விளக்குவது எளிது, ஏனெனில் அதிலுள்ளவை பெரும்பாலும் இம்மூன்றே. தத்துவ நூல்கள் துணைக்காரணத்தை ஓரிரு சொற்களில் கடந்துவிடுகின்றன. கருவியை நிறுவி இயக்கும் முறையோ அதன் மேலேயே நிற்கிறது என்பதால் அதைச் சற்று விரிவாகக் காண்பது தகும்.

கருவியைச் சமதளத்தில், காற்றோட்டத் துளைகள் அடைபடாமல், ஒலிபெருக்கி, மின்மாற்றி போன்ற காந்தப்புலமுள்ள பொருள்களிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். பின்புறத்திலுள்ள மின்னழுத்தத் தேர்வி உள்ளூர் மின்சாரத்துக்கு ஏற்ப இருக்கிறதா என்று பார்த்த பின்னரே, எர்த் உள்ள மூன்று முனைப் பிளக்கைச் செருக வேண்டும். ஒரே அறையிலுள்ள கருவிகள் வெவ்வேறு இடங்களில் எர்த் செய்யப்பட்டால் படத்தில் பட்டைகள் ஏறி இறங்கும். படக்கேபிள் பல கருவிகளைத் தொட்டுச் செல்லுமானால் கடைசிக் கருவியில் மட்டும் 75 ஓம் மின்தடையால் அதை முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் படம் வெளுத்துப்போகும், இரண்டிடத்தில் முடித்தால் மங்கிப்போகும். மூடியைத் திறக்கும் தேவை வந்தால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உடனே கைவைக்கலாகாது, மின்பகுதியிலுள்ள மின்தேக்கிகள் சிறிது நேரம் மின்னூட்டத்தைத் தாங்கியிருக்கும். திறந்த சுருள் கருவிகளில் சுழலும் சுருளைக் கையால் நிறுத்துவதும், துண்டோ சங்கிலியோ தொங்கும்படி அதன் மேல் குனிவதும் ஆபத்து.

சென்னையில் எல்லாவற்றினும் பெரிய பகை ஈரம். குளிரூட்டிய காப்பறையிலிருந்து வெளியே எடுத்த நாடாவின் மேலும் டிரம்மின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. அந்நிலையில் இயக்கினால் நாடா டிரம்மோடு ஒட்டிச் சுருண்டு கிழியும். இதற்காகவே தொழில்முறைக் கருவிகளில் ஈர உணரி உண்டு. அதன் விளக்கு அணையும் வரை காத்திருப்பதும், நாடாவை அறையின் வெப்பநிலைக்குப் பழக சில மணி நேரம் விடுவதும் முறை. ஹெட்டைத் துடைக்கும்போது ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, இழை உதிராத மென்தோலை டிரம்மின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு டிரம்மைக் கையால் திருப்ப வேண்டும். தோலை மேலும் கீழும் இழுத்தால் முடியினும் மெல்லியதாக நீட்டிக்கொண்டிருக்கும் ஹெட் முறிந்துவிடும். பழைய பதிவுள்ள கேசட்டைக் கருவியில் இடுமுன், அதன் அடியிலுள்ள சிவப்புப் பொத்தானை எடுத்துவிட வேண்டும். அது இல்லாத கேசட்டில் கருவி பதியாது.

அந்தச் சிறிய பொத்தானில் சற்காரியவாதத்துக்கு ஒரு சிக்கல் அடங்கியிருக்கிறது. உள்ளது அழியாது, அழிவு என்பது காரணத்தில் ஒடுங்குவதே என்பது அக்கொள்கையின் மறுபாதி. பதிவு ஹெட்டுக்கு முன்னால் நிற்கும் அழிப்பு ஹெட்டைக் கடந்த நாடாவில் துகள்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, காந்தத் தன்மையும் இருக்கிறது; ஆயினும் படம் எந்தக் கருவியாலும் மீள வராது. பொருள் எஞ்சியது, ஒழுங்கு மட்டுமே போயிற்று என்று சித்தாந்தி விடையிறுக்கலாம். ஆனால் படம் என்பதே அந்த ஒழுங்குதான் ஆகையால், அவ்விடை வழக்கில் தோற்றதற்கு ஒப்பாகும்.

எதிர்த்தரப்புக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. பூச்சு உதிர்ந்த இடத்தில் ஹெட்டுக்கு ஒன்றும் கிடைக்காது. இதைத் தொழிலில் டிராப்-அவுட் என்பர். ஈடுசெய்யும் சுற்று அந்த இடத்தில் முந்தைய வரியின் படத்தை எடுத்து நிரப்பிவிடுவதால், பார்ப்பவர் குறையை அறிவதில்லை. திரையில் அப்போது தெரிவது அந்த இடத்து நாடாவில் இல்லாதது. நாடாவின் நடுக்கத்தால் முன்பின்னாக வரும் வரிகளைச் சேமித்துச் சீரான கால இடைவெளியில் வெளியிடும் காலத் திருத்தியும் இத்தகையதே. முன்னர் இல்லாதது தோன்றியது என்று நையாயிகர் புன்னகைக்க, கணந்தோறும் அழிந்து பிறப்பதே பொருள் என்று வாதிட்ட பௌத்தரும் வினாடிக்கு ஐம்பது அரைப்படங்களைச் சுட்டிக்காட்டுவார். பௌத்தரின் நான்கு பிரிவுகளையும் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் ஒவ்வொன்றாக மறுத்த அருணந்தி சிவாசாரியார் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்ப்பது சுவையானது. ஈடுசெய்யும் சுற்றும் முந்தைய வரியிலிருந்தே எடுக்கிறது, வெறுமையிலிருந்து எடுப்பதில்லை என்று அவர் தொடங்கியிருக்கக்கூடும்.

முதற்காரணம் இருந்தும் துணைக்காரணம் இல்லாமற்போவது தமிழ்ச் சைவத்துக்குப் புதிய செய்தியன்று; தேவாரப் பதிகங்களுக்கே அது நேர்ந்தது. முன்பு சொன்ன பாடியிலுள்ள சிவத்தலம் திருவலிதாயம். பரத்துவாசர் வலியன் என்னும் பறவையாக வந்து வழிபட்டதாகத் தலபுராணம் கூறும் அக்கோயிலின் மேல் திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் முதல் திருமுறையில் மூன்றாவதாக, நட்டபாடைப் பண்ணில் அமைந்திருக்கிறது. உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகக் கொள்ளப்படும் திருமுறை கண்ட புராணம், இத்தகைய பதிகங்களைக் கொண்ட தேவார மூவர் ஏடுகள் தில்லையில் பூட்டிய அறையில் கறையான் புற்றால் மூடிக் கிடந்ததையும், எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கி எஞ்சியவற்றை எடுத்ததையும் சொல்கிறது. அத்துடன் நின்றிருந்தால் பாட்டின் எழுத்து மட்டுமே கிடைத்திருக்கும். ஏட்டில் சொல் இருந்தது, பண் இல்லை. ஆகவே திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணை எருக்கத்தம்புலியூரில் கண்டு அவரைக் கொண்டு பண்ணடைவு வகுத்தனர் என்று அப்புராணம் தொடர்கிறது. அந்த ஏடுகளை மீட்ட நம்பியாண்டார் நம்பியையும் சோழ மன்னனையும் நினைவில் வைத்த அளவுக்கு இப்பெண்ணைத் தமிழுலகம் நினைவில் வைக்கவில்லை என்பது வருந்தத்தக்கது. ஏடு என்னும் நாடாவுக்கு அவரே கருவியாக நின்றவர்.

இன்று நாடாக்கள் உள்ளன, கருவிகள் குறைகின்றன. சோனி நிறுவனம் 2016 மார்ச்சில் பீட்டாமேக்ஸ் வீடியோ கேசட் விற்பனையை முடித்துக்கொண்டது. யுனெஸ்கோவும் உலக ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சங்கமும் 2019-இல் விடுத்த எச்சரிக்கை, 2025-ஐ ஒட்டி நாடாக்களைப் படிக்க இயலாமற்போகும் என்று கூறியது. நாடாப் பூச்சின் பிசின் ஈரத்தை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் நோய்க்கு, ஏறத்தாழ 50 பாகை செல்சியசு இளஞ்சூட்டில் பல மணி நேரம் வைக்கும் வைத்தியம் உண்டு. புற்றின் மேல் சொரிந்த எண்ணெய்போல் அதுவும் தற்காலிகமாக மட்டுமே உதவும். அதனால் அனுபவமுள்ள இயக்குபவர் பார்ப்பதற்காக ஒரு தரம், பெயர்ப்பதற்காக மறு தரம் என்று ஓட்டுவதில்லை. டிஜிட்டல் பதிவியை இணைத்து அது ஓடத் தொடங்கிய பிறகே பிளே பொத்தானை அழுத்துகிறார்.

சங்காரத்தில் உலகம் மாயையில் ஒடுங்கும்போதும் அது இருக்கிறது என்று சித்தாந்தி துணிந்து சொல்வதற்குக் காரணம், மீண்டும் தோற்றுவிக்கும் நிமித்த காரணன் அழியாதவன், அவன் சத்தியும் அழியாதது என்ற உறுதியே. வி.டி.ஆரின் ஹெட் தேயும் பொருள். மாற்று ஹெட் கிடைப்பது அரிது. அதை இயக்கத் தெரிந்தோர் பலர் ஓய்வுபெற்றுவிட்டனர். அந்த உறுதி இல்லாத இடத்தில், அலமாரியிலுள்ள கேசட்டில் படம் இருக்கிறது என்ற வாக்கியம், எங்கோ ஒரு கருவி இன்னும் ஓடும் நிலையில் இருக்கிறது என்பதையும் உள்ளடக்கியே மெய்யாகிறது.