மத்ரஸாவில் ஓதும் நம் பிள்ளைகளின் மனசு



ஷவ்வால் பிறந்துவிட்டால் நம் உத்திரமேரூர் சுற்று வட்டாரத்திலிருந்து பிள்ளைகள் பெட்டியோடு பஸ் ஏறுகிறார்கள். வேலூர் பாக்கியாத், பெரம்பூர் ஜமாலியா, உமராபாத் தாருஸ்ஸலாம், இன்னும் பெயர் தெரியாத எத்தனையோ சின்ன ஹிஃப்ழு மத்ரஸாக்கள். பத்து வயதுப் பிள்ளையும் போகிறான், மீசை அரும்பிய வாலிபனும் போகிறான். சில வருடம் கழித்து ஒரு ஷஃபானில் ஸனது வாங்கி, ஜுப்பா போட்டு வந்து நிற்கும்போது நாம் சால்வை போர்த்துகிறோம். நடுவில் போன வருடங்களில் அந்த மனசு என்ன பாடுபட்டது என்று கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

தாம் தொழுததைப் பார்த்தபடியே தொழும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவிய ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். அது யாருக்குச் சொல்லப்பட்டது தெரியுமா? மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக புகாரியில் வருகிறது. ஏறக்குறைய ஒரே வயதுள்ள வாலிபர்கள் சிலர் மார்க்கம் படிக்க மதீனா வந்தார்கள். இருபது இரவுகள் தங்கினார்கள். அவர்களுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டதை நபியவர்கள் உணர்ந்தார்கள். வீட்டில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்தார்கள். பிறகு, குடும்பத்தாரிடம் திரும்பிப் போங்கள், அவர்களோடு இருங்கள், கற்றதைக் கற்றுக்கொடுங்கள் என்று அனுப்பி வைத்தார்கள். தொழுகையைப் பற்றிய அந்தக் கட்டளை இந்தப் பிள்ளைகளை வழியனுப்பும்போது சொன்னது.

கவனியுங்கள். அந்த வாலிபர்கள் லீவு கேட்டதாக ஹதீஸில் இல்லை. நபியவர்களே கண்டுகொண்டார்கள். ஈமான் போதவில்லை என்று அவர்களைக் கண்டிக்கவில்லை. மஸ்ஜிதுந் நபவியில், ரஸூலுல்லாஹ்வின் பக்கத்தில் இருந்தவர்களுக்கே இருபதாம் நாள் வீடு தேடியது. நம் பத்து வயதுப் பிள்ளைக்குத் தேடாதா?

இங்கே என்ன நடக்கிறது? வாரம் ஒரு முறை போன் வரும். "சாப்பிட்டியா? எத்தனை ஜுஸ்வு ஆச்சு?" இரண்டே கேள்வி. அதற்குள் "அத்தா, எனக்கு இங்க இருக்க முடியல" என்று அவன் சொல்லிவிட்டால், "அது ஷைத்தானோட வஸ்வாஸ், பல்லைக் கடிச்சிட்டு இரு" என்று முடித்துவிடுகிறோம். என் அபிப்பிராயத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன்: பிள்ளையின் அழுகைக்கு ஷைத்தான் பெயரை வைப்பது நமக்குச் சுலபமாக இருப்பதால்தான் வைக்கிறோம். முதல் மாத ஏக்கம் பெரும்பாலும் தானாகத் தணியும். ஆனால் பிள்ளை தூங்கவில்லை, சாப்பிடவில்லை, நேற்று வரை ஓடிய சபக் இன்று ஏறவில்லை, தனியாகப் போய் அழுகிறான், செத்துப்போகலாம் போலிருக்கிறது என்கிறான் என்றால் அது வேறு விஷயம். அங்கே யாராவது அடிக்கிறார்களா, தவறாக நடக்கிறார்களா என்று தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். சொன்னால் நம்புங்கள்.

உஸ்தாதுமார்களைக் குறை சொல்ல நான் நிற்கவில்லை. குறைந்த சம்பளத்தில், பஜ்ருக்கு முன்னால் எழுந்து, ஒரு கூட்டம் பிள்ளைகளுக்குத் தாயும் தகப்பனுமாக இருக்கிறார்கள். ஆனால் கையில் பிரம்பை எடுக்கும் முன், ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னது ஞாபகம் வரவேண்டும்: அல்லாஹ்வின் பாதையில் போர் செய்ததைத் தவிர, நபியவர்கள் தம் கையால் யாரையும் அடித்ததில்லை, மனைவியையும் இல்லை, பணியாளையும் இல்லை. சிறுவராக வந்து பத்து வருடம் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களிடம் ஒரு முறைகூட 'சீ' என்று சொன்னதில்லை. திண்ணைத் தோழர் அபூஹுரைரா (ரலி) பசியோடு வழியில் உட்கார்ந்திருந்தபோது, முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு புன்னகைத்து, வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஒரு கிண்ணம் பால் இருந்தது. திண்ணைத் தோழர்கள் அனைவரும் குடித்த பிறகு, இனி இடமில்லை என்று அவர் சொல்லும் வரை குடி, குடி என்றார்கள். மிச்சத்தைத்தான் தாங்கள் குடித்தார்கள்.

மத்ரஸா கமிட்டியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர் குடவோலைக் கல்வெட்டை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். பராந்தக சோழன் காலத்தது. ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை மறுபடி குடத்தில் போடக்கூடாது என்று அதில் வெட்டியிருக்கிறது. நாமும் அரிசிக்கும் கட்டிடத்துக்கும் கணக்குப் பார்க்கிறோம். இந்த வருடம் எத்தனை பிள்ளைகள் பாதியில் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்ற கணக்கு எந்த நோட்டில் இருக்கிறது?

இதை வாசிக்கிற ஓதும் தம்பிகளே! கவலைப்படுவது பாவமில்லை. யஃகூப் (அலை) அவர்கள் மகனை நினைத்து அழுது கண் வெளுத்ததை அல்லாஹ்வே குர்ஆனில் சொல்கிறான். அவர்கள் நபி, சபூராக இருந்தார்கள், அழவும் செய்தார்கள். கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாவல் தேடும் துஆவை நபியவர்கள் அதிகம் ஓதக் கேட்டதாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். அதை உங்கள் உஸ்தாதிடம் கேட்டு மனப்பாடம் செய்யுங்கள். கூடவே வாய் திறந்து ஒருவரிடம் சொல்லுங்கள். மருத்துவம் செய்யச் சொன்னதும் அதே நபிதான். அரசின் டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்கள் ஆபத்து என்றால் 1098. இந்த இரண்டு எண்களையும் மத்ரஸா நோட்டீஸ் போர்டில் எழுதி வைத்தால் யாருடைய மரியாதையும் குறையாது.

பெற்றோர்களே, பெரும்பாலான மத்ரஸாக்களுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. முடிந்தவர்கள் அடுத்த ஜும்ஆவைப் பிள்ளை ஓதுகிற ஊரில் போய்த் தொழுங்கள். தகப்பன் வளைகுடாவில் இருக்கிற பிள்ளை நம் தெருவில் இருந்தால், அவன் வீட்டிலிருந்தும் ஒரு டப்பா பலகாரம் வாங்கிக்கொண்டு போங்கள். அன்றைக்கு மட்டும் ஜுஸ்வு கேட்காதீர்கள்.

யா அல்லாஹ்! வீட்டை விட்டு உன் வேதத்தைத் தேடிப் போயிருக்கிற இந்தப் பிள்ளைகளின் இரவுகளை லேசாக்கி வைப்பாயாக. ஆமீன்.