அறியாதிருக்கும் அறம்

இணையத்தில் ஒருவர் எந்தத் தளத்தைத் திறந்தாலும், அவருக்கு இணைப்பு வழங்கும் நிறுவனம் அவர் எங்கே செல்கிறார் என்பதைக் காண முடியும். அத்தளமோ, இணைப்பின் அடையாள எண்ணான ஐ.பி. முகவரியைக் கொண்டு அவர் எங்கிருந்து வருகிறார் என்பதை ஓரளவு ஊகிக்க முடியும். வி.பி.என். எனப்படும் மெய்நிகர் தனியார் வலையமைப்பு இவ்விருவருக்கும் இடையில் மூன்றாமவர் ஒருவரை நிறுத்துகிறது. பயனரின் தரவு மறையாக்கம் செய்யப்பட்டு, அதாவது திறவுகோல் இல்லாதவர் படிக்க இயலாத வடிவுக்கு மாற்றப்பட்டு, வி.பி.என். நிறுவனத்தின் சேவையகத்தை அடைந்து, அந்தச் சேவையகத்தின் முகவரியோடு வெளியே செல்கிறது. முன்பு இணைப்பு நிறுவனம் அறிந்திருந்ததை இப்போது வி.பி.என். நிறுவனம் அறியக்கூடிய நிலை பிறப்பதால், நம்பிக்கை இடம் மாறுகிறதேயன்றி அதன் தேவை ஒழிவதில்லை. பிறர் மறைபொருளைக் காப்பவர் அதை எவ்வாறு காக்க வேண்டும் என்ற பழைய அறவியல் வினா இங்கே மீண்டும் எழுகிறது.

இவ்வினாவின் மிகக் கடுமையான வடிவத்தை இம்மானுவேல் கான்ட் 1797இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்றில் காணலாம். நண்பன் வீட்டுக்குள் ஒளிந்திருக்க, அவனைக் கொல்லத் துரத்தி வந்தவன் வாயிலில் நின்று கேட்டால், அப்போதும் பொய்யுரைக்க உரிமை இல்லை என்பது கான்ட்டின் முடிவு. திருக்குறளின் வாய்மை அதிகாரமோ தீங்கின்மையையே வாய்மையின் இலக்கணமாகக் கொள்வதால், அதன்வழி நிற்பவர் நண்பனைக் காக்கத் தயங்க வேண்டியதில்லை. வள்ளுவரின் நிலையே மனித உணர்வுக்கு நெருக்கமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரு நிலைகளும், கேட்கப்படுபவர் உண்மையை அறிந்தவர் என்றே கொள்கின்றன. குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் கத்தோலிக்க மரபிலும் அப்படியே. 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், அறிக்கையில் கேட்டதை வெளியிடும் குருவைப் பணியிலிருந்து நீக்கி, வாழ்நாள் முழுதும் தவம் செய்யக் கடுமையான துறவு மடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று விதித்தது. அவருடைய அறம் அறிந்தும் பேசாதிருப்பதில் உள்ளது; அதன் சுமை முழுவதும் அவருடைய மன உறுதியின் மேல் விழுகிறது.

சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் 2009 முதல் இயங்கிவரும் முல்வாட் என்னும் வி.பி.என். நிறுவனம் இதிலிருந்து விலகி, அறியாதிருத்தலையே தன் முறையாக வகுத்துக்கொண்டது. கணக்குத் தொடங்குவோரிடம் பெயரோ மின்னஞ்சல் முகவரியோ கேட்கப்படுவதில்லை. 16 இலக்க எண் ஒன்றே கணக்கு. மாதக் கட்டணமான 5 யூரோவை உறையிலிட்டு ரொக்கமாகவும் அனுப்பலாம். தானாகப் புதுப்பிக்கும் சந்தா முறைக்குப் பயனரைப் பற்றிய விவரங்களைச் சேமிக்க வேண்டியிருந்ததால் 2022இல் அதையும் கைவிட்டது. வருவாய்க்கு வசதியான வழியை இப்படித் துறப்பது வணிக உலகில் அரிது. 2023 ஏப்ரல் 18 அன்று சுவீடன் காவல் துறையினர் சோதனை ஆணையுடன் அலுவலகத்துக்கு வந்து, வாடிக்கையாளர் விவரங்கள் அடங்கிய கணினிகளைக் கைப்பற்ற முனைந்தபோது, அத்தகைய விவரங்கள் சேமிக்கப்படுவதே இல்லை என்று நிறுவனத்தினர் விளக்க, வந்தவர்கள் எதையும் எடுக்காமல் திரும்பினர். கான்ட் முன்வைத்த இக்கட்டு இங்கே எழவே இல்லை. உண்மையைச் சொல்வதும் நம்பியவரைக் காப்பதும் ஒரே விடையில் அடங்கின.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. ஒருவர் தாம் அறியக் கடமைப்பட்டதை வேண்டுமென்றே அறியாமல் விட்டால், அந்த அறியாமை அவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்காது என்று தாமஸ் அக்குவினாஸ் வாதிட்டார். அன்றைய சோதனை ஜெர்மனியின் மெக்லன்பர்க்-மேற்கு பொமரேனியா மாநிலத்தில் நகராட்சி அமைப்புகள் சிலவற்றைத் தாக்கிய மிரட்டல் குற்றம் பற்றியது. அங்கே தாக்குண்டோர்க்கு நீதி கிடைக்க வேண்டும் என்பதை எளிதில் தள்ளிவிட முடியாது. எனினும் அக்குவினாஸின் வாதம் முழுவதும் அறியக் கடமைப்பட்டது எது என்பதையே சார்ந்து நிற்கிறது. கடிதத்தைக் கொண்டு செல்பவர் அதைப் பிரித்துப் படிக்கக் கடமைப்பட்டவர் அல்லர், படிப்பதே பிழை. குற்றவாளி ஒருவனைப் பிடிப்பதற்கென வைக்கப்படும் பதிவேட்டில், தன் நோயைப் பற்றி யாருமறியாமல் தேடியவரும், பிறந்த மதத்தை விட்டு மனத்தளவில் விலகியவரும், ஆட்சியாளரின் ஊழலை ஆராயும் செய்தியாளரும் சேர்ந்தே எழுதப்படுகின்றனர். இந்திய அரசின் கணினி அவசரகால நடவடிக்கைக் குழு 2022 ஏப்ரலில் இதற்கு நேர்மாறான விடையைத் தந்து, வாடிக்கையாளர் விவரங்களை வி.பி.என். நிறுவனங்கள் ஐந்து ஆண்டுகளாவது வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டபோது, அதை ஏற்காத சில நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த தம் சேவையகங்களை அகற்றின.

பயனரை அறியாதிருப்பவருக்கும் தாம் வழங்கும் கருவி உலகில் என்ன செய்கிறது என்பதை அறியும் கடமை உண்டு. வெளியிலிருந்து வரும் இணைப்புகளைப் பயனரின் கணினிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் என்னும் வசதியைச் சிலர் தீய உள்ளடக்கங்களை மறைவாக வெளியிடப் பயன்படுத்தியதால், 2023இல் முல்வாட் அதை எல்லோர்க்கும் நிறுத்தியது. நேர்மையான தேவைக்காக அதைப் பயன்படுத்தியவர்களும் அவ்வசதியை இழந்தனர். அவர்களுக்கு மட்டும் விலக்களிக்க வேண்டுமானால் யார் அதை எதற்காகப் பயன்படுத்துகிறார் என்று பார்க்க வேண்டியிருந்திருக்கும், அந்தப் பார்வையைத்தான் நிறுவனம் தனக்குத் தானே மறுத்துக்கொண்டிருந்தது.