தேடித் தரும் கருவியும் தேர்ந்தறியும் உள்ளமும்

மனிதன் தன் கைக்கு எட்டாததை எட்டுதற்குக் கண்டது கருவி. உயரத்துக் கனியைப் பறிக்கத் துறட்டியையும், ஆழத்து நீரை இறைக்க ஏற்றத்தையும், சொல்லைக் காலத்துக்கு அப்பால் கொண்டு செல்ல எழுத்தாணியையும் கண்டான். அவ்வரிசையில் வந்து சேர்ந்திருப்பது இணையம். இக்கருவியால் நம் வாசிப்பும் எழுத்தும் வளம் பெறுமா, அன்றித் தேய்வுறுமா என்னும் வினா இன்று எங்கும் எழுகின்றது. தீவில் வாழும் நமக்கு இது வெறும் பட்டிமன்றப் பொருளன்று, வாழ்க்கைப் பொருள்.

நமக்கு நூலகம் நெடுங்காலம் கடலுக்கு அப்பால் இருந்தது. சென்னையில் அச்சேறிய நூல் கப்பலேறி வந்தால்தான் நம் கைக்குக் கிட்டும். இணையம் வந்த பின்னரும் செயற்கைக்கோள் வழி வந்த மெலிந்த தொடர்பையே நம்பியிருந்தோம். 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள், சென்னையையும் இத்தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடியிழை வடம் தொடங்கி வைக்கப்பெற்றது. அதன் நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். அந்நாளில் போர்ட் பிளேர் என வழங்கி, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய தலைநகரோடு கார் நிக்கோபார், கமோர்ட்டா, ரங்கத் முதலிய இடங்களையும் அது இணைத்தது. இன்று குட்வில் எஸ்டேட்டில் இருக்கும் ஒரு மாணவன், தலைநகருக்குச் செல்லாமலே சங்க நூல்களைத் தன் கைப்பேசியில் திறக்க இயலும்.

அவன் திறக்கும் நூல்கள் தாமாக அங்கு வந்து சேர்ந்தவை அல்ல. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வழியே, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கலியாணசுந்தரமும் பல நாடுகளில் பரவிய தமிழன்பர்களும் பழைய நூல்களைத் தட்டச்சிட்டு, பிழை பார்த்து, ஊதியம் கருதாமல் உலகுக்கு வழங்கினர். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் ஒரு சொல்லை இட்டுத் தேடலாம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஏட்டுச்சுவடிகளுக்காக ஊர் ஊராக அலைந்ததை எண்ணிப் பார்ப்போர்க்கு இவ்வெளிமையின் பெருமை விளங்கும்.

இனி ஓர் எடுத்துக்காட்டு. நம் மாணவன் 'நக்கவாரம்' என்னும் சொல்லைத் தேடுகின்றான் எனக் கொள்வோம். நிக்கோபாருக்குத் தமிழர் இட்ட பழம்பெயர் அது என அறிகின்றான். 1025ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்த கடல் கடந்த படையெடுப்பில் இராசேந்திர சோழன் வென்றனவாக அவன் மெய்க்கீர்த்தி கூறும் இடங்களுள் மாநக்கவாரமும் ஒன்று எனக் காண்கின்றான். மேலும் தேடினால், 1898இல் ஐயரவர்கள் பதிப்பித்த மணிமேகலையில் வரும் நக்கசாரணர் நாடு கண்ணிற் படும். அதனை நக்கவாரத்தோடு தொடர்புபடுத்துவோரும் உளர். தான் மிதிக்கும் மண்ணுக்குத் தன் மொழியில் இத்துணை நீண்ட நினைவு உண்டோ என அவன் வியப்பான். இவ்வளவையும் கருவி செய்து தரும். ஆயின், கருவியின் தொழில் இங்கே முடிகின்றது. வாசகனின் தொழில் இங்கேதான் தொடங்குகின்றது.

அக்காப்பியத்தில் ஆதிரையின் கணவன் சாதுவன், சூதில் பொருளிழந்து, வணிகரோடு கலமேறி, அக்கலம் உடைந்து, ஒடிந்த மரமொன்றைப் பற்றி நாகர் வாழும் மலைக்கரையில் ஒதுங்குகின்றான். அவனைக் கொன்று தின்ன வந்தோரிடம் அவர்தம் மொழியிலேயே பேசுகின்றான். அவர்கள் வியந்து, தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். அத்தலைவனுக்குக் கொல்லாமை அறம் கூறும் நிலைக்கு அவன் உயர்கின்றான். அவனைக் காத்தது யாது? மரத்துண்டு கரை சேர்த்தது. உயிரைக் காத்தது அவன் முன்னரே கற்று வைத்திருந்த மொழி. மரத்துண்டை இரவலாகப் பெறலாம். மொழியறிவை அந்நேரத்தில் இரவல் பெற இயலாது. கருவிக்கும் கல்விக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

2022ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், கேட்ட அளவில் கட்டுரை எழுதித் தரும் கருவிகள் பெருகிவிட்டன. 'உழைப்பைக் குறைப்பது நன்றுதானே. அச்சு இயந்திரம் ஏடெழுதுவோனின் உழைப்பைக் குறைக்கவில்லையா?' என வினவுவர். நியாயமான வினாவே. உழைப்பு என்பதற்காகவே எல்லா உழைப்பும் போற்றத்தக்கதன்று. கண்பார்வை அற்றவர்க்கு நூலைப் படித்துக் காட்டும் கருவியும், விரல் நடுங்கும் முதியவர் சொல்லச் சொல்ல எழுத்தாக்கும் கருவியும் அறம் செய்கின்றன என்றே கூறுவோம். அம்முதியவர்க்கு எண்ணம் உண்டு, கைதான் இல்லை. கருவி அவர்க்குக் கையாகின்றது. எழுத வல்ல இளைஞன், தான் எண்ண வேண்டியதையும் கருவியிடம் ஒப்படைத்தால் அவனுக்கு அது கையாகவில்லை. அவன் உள்ளத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. அச்சு இயந்திரம் படியெடுக்கும் உழைப்பைக் குறைத்தது; படைக்கும் உழைப்பைக் குறைக்கவில்லை. குறைவது எவ்வளவு உழைப்பு என்பதன்று, எவ்வகை உழைப்பு என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

பிறிதொரு கடமையும் உண்டு. விலையின்றிக் கிடைப்பது கடனின்றிக் கிடைப்பதாகாது. தமிழ் விக்கிமூலத்தில் பழைய நூல்களின் பக்கங்களைப் படமாக ஏற்றி, எந்திரத்தைக் கொண்டு எழுத்தாக மாற்றுகின்றனர். ரகரமும் துணைக்காலும் வடிவில் ஒத்திருத்தலின் எந்திரம் ஒன்றை மற்றொன்றாக மயங்கும். அப்பிழையைக் களைவோர், நூலின் பொருளறிந்து படிக்கும் மனிதரே. நாள்தோறும் ஒரு பக்கம் பிழை திருத்த நம்முள் ஒருவர் முன்வந்தாலும், பெற்ற கடனில் ஒரு சிறு பகுதி தீரும்.

கடனின் பெரும்பகுதி எழுத்தால் தீர வேண்டுவது. கச்சல் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்காக இலங்கையிலிருந்து வந்து குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அத்தீவைக் கடுமையாகத் தாக்கியது. கப்பலில் வந்தவர், காடு திருத்தியவர், அலையில் உறவிழந்தவர் ஆகியோரின் சொற்கள் அவர்தம் நெஞ்சிலேயே உள்ளன. எழுதப்படாத ஒன்றை எந்தக் கருவியும் தேடித் தராது. நம் பாட்டிமார் சொல்லக் கேட்டு நாம் எழுதி வைத்தால், நாளை எங்கோ ஒரு மாணவன் அதனைத் தேடி எடுப்பான். இன்று சோம்பியிருந்தால், அவன் தேடும்போது நம் தீவின் பக்கம் வெற்றிடமாகவே தோன்றும்.

ஆதலின் கருவியை அஞ்சி விலக்குதலும் வேண்டா. கருவியிடம் அடங்கிக் கிடத்தலும் வேண்டா. அது தேடித் தரட்டும். தேர்ந்தறியும் பொறுப்பு நம்முடையதாக இருக்கட்டும். அது கைகொடுக்கட்டும், எழுதும் நெஞ்சு நம்முடையதாக இருக்கட்டும். கடலடியில் வந்த வடம் நமக்குத் தமிழைக் கொண்டு வந்தது. அவ்வழியே நாம் திருப்பி அனுப்பப் போவது யாது என்பதை இனி நாம்தாம் முடிவு செய்ய வேண்டும்.