வகுப்பறைப் பாம்புக்கு ஒளிய ஓர் இடம்

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அறிவியல் ஆசிரியர்கள் பலர் வகுப்பறையிலேயே ஒரு பாம்பை வளர்க்கிறார்கள். புதிதாக வாங்க நினைக்கும் ஆசிரியர் முதலில் கேட்பது, காட்சிக்கு ஏற்ற பாம்பு எது என்பதைத்தான். நஞ்சு இருக்கக் கூடாது, எளிதில் கடிக்கக் கூடாது, மிகப் பெரிதாக வளரக் கூடாது, விலை கட்டுப்படியாக வேண்டும், பிள்ளைகள் எட்டிப் பார்க்கும் நேரத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முதல் நான்கு நிபந்தனைகளிலும் பிழை இல்லை. அறச்சிக்கல் கடைசி நிபந்தனையில் இருக்கிறது. வீட்டில் வளர்க்க விற்கப்படும் பாம்புகளில் பெரும்பாலானவை பகலில் மறைந்திருந்து அந்தியிலும் இரவிலும் நடமாடுபவை. பள்ளி நடப்பதோ பகலில்.

இந்த முரண்பாடு பந்து மலைப்பாம்பிடம் வெளிப்படையாகத் தெரிகிறது. மேற்கு ஆப்பிரிக்காவையும் நடு ஆப்பிரிக்காவையும் சேர்ந்த இந்தப் பாம்பு பகல் பொழுதை எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் கழிக்கிறது. அச்சம் வந்தால் தலையை நடுவில் வைத்து, உடலைப் பந்துபோல் சுருட்டிக்கொள்ளும். பெரும்பாலும் கடிக்காது, ஓடாது, கையில் எடுத்தாலும் அசையாது. சாதுவான பாம்பு என்று விற்பனையாளர்கள் இதைப் பரிந்துரைக்க இந்த இயல்பும் ஒரு காரணம். மிரண்டு சுருண்டு கிடக்கும் உயிரைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, பார், எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று சொல்லும் ஆசிரியர் பொய் சொல்ல நினைக்கவில்லை. ஆனாலும் பிள்ளைகள் தவறாகவே கற்கிறார்கள். ஓர் உயிரின் அச்சத்தை அதன் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் அந்த வகுப்பறையிலேயே தொடங்கிவிடுகிறது.

அழகைப் பார்த்து வாங்குவதிலும் இதே போன்ற சிக்கல் உண்டு. பந்து மலைப்பாம்பில் விதவிதமான நிறங்களும் கோலங்களும் வரும்படி இணைசேர்த்து வளர்க்கிறார்கள். அவற்றில் ‘ஸ்பைடர்’ எனப்படும் வகையின் கோலத்தைத் தரும் அதே மரபணுவால் நரம்புக் கோளாறும் வருகிறது. தலை தள்ளாடும், இரையைக் குறிபார்த்துப் பாய்வதில் தடுமாறும். இது தெரிந்த பிறகும் கண்ணுக்கு விருந்தாக அந்த வகையை வாங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை.

சோளப்பாம்பு எனப்படும் ‘கார்ன் ஸ்நேக்’கின் நிலை இதைவிட மேல். தென்கிழக்கு அமெரிக்காவைச் சேர்ந்த இது பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்தடி வரை வளரும். பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்து வளர்வதால், கடைக்காகக் காட்டிலிருந்து பிடித்துவர வேண்டிய தேவை இல்லை. பந்து மலைப்பாம்பைப்போல் மாதக்கணக்கில் உண்ணாமல் கிடந்து வளர்ப்பவரைக் கலங்கடிப்பதும் அரிது. சுறுசுறுப்பாக ஊர்ந்து திரியும், ஏறவும் செய்யும். ஒன்றைத் தேர்ந்துதான் ஆக வேண்டும் என்றால் இதுவே சரியான தேர்வு. அதிலும் வளர்க்க முடியாமல் பிறர் கைவிட்டு, மீட்பு மையங்களில் இருக்கும் வளர்ந்த பாம்பை ஏற்பது புதிய குட்டியை வாங்குவதைவிட நல்லது. ஆனால் சோளப்பாம்பும் பகலில் ஒளிந்துகொள்ள விரும்பும் உயிர்தான்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ள 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், ஒரு விலங்குக்குப் பொறுப்பானவர் அதன் தேவைகளை நிறைவேற்றியாக வேண்டும் என்கிறது. ஏற்ற சூழலும் ஏற்ற உணவும் மட்டுமல்ல, இயல்பான நடத்தையை வெளிப்படுத்தும் வாய்ப்பும் அந்தத் தேவைகளில் ஒன்று. பாம்பின் இயல்பான நடத்தையில் முதன்மையானது ஒளிந்துகொள்வது. ஆகவே தொட்டியின் வெப்பமான பக்கத்தில் ஒன்று, குளிர்ந்த பக்கத்தில் ஒன்று என இரண்டு மறைவிடங்களாவது வேண்டும். முழு நீளத்துக்கு உடலை நீட்டிக்கொள்ள இடம் வேண்டும். நாற்காலிகளை இழுக்கும் அதிர்வு தரை வழியாகப் பாம்பின் தாடை எலும்பை எட்டும் என்பதால் தொட்டி இருக்கும் மூலையும் முக்கியம். சட்டை உரிக்கும் முன் கண் பால்போல் மங்கும் நாள்களிலும், இரை விழுங்கிய பின் இரண்டு நாள்களுக்கும் யாரும் தொடக் கூடாது. இவற்றையெல்லாம் ஒழுங்காகச் செய்யும் வகுப்பில், எட்டிப் பார்க்கும் பிள்ளைக்குப் பல நாள் பாம்பு தெரியவே தெரியாது. இன்றைக்கும் வெளியே வரவில்லையா என்று பிள்ளைகள் கேட்கட்டும். பாம்பைத் தேடி மறைவிடத்தைத் தூக்காமல் காத்திருக்கப் பழக்கும் ஆசிரியருக்கு மட்டுமே பாம்பு வளர்க்கும் தகுதி உண்டு.

எதிர்வாதம் வலுவானது, அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பாம்பு என்றாலே அடித்துக் கொல்லும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. சிறு வயதில் ஒரு பாம்பை அருகிலிருந்து பார்த்துப் பழகியவர் பின்னாளில் தடியை எடுக்கத் தயங்கலாம். வெளியே பல பாம்புகள் பிழைக்க ஒரு பாம்பு கூண்டில் இருந்தால் என்ன என்று கேட்பவரின் அக்கறை உண்மையானது. ஆனால் அந்த ஒரு பாம்பு நன்றாக வாழ்ந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். இறுக்கமான தொட்டியில் சோர்ந்து கிடக்கும் பாம்பைப் பார்க்கும் பிள்ளைக்கு அச்சம் குறையலாம், மதிப்பு வளராது.

தமிழ்நாட்டுக்கு இந்த வாதம் அப்படியே பொருந்தாது. 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்ததாக ஒரு மதிப்பீடு சொல்கிறது. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் வயலிலும் வீட்டு ஓரத்திலும் நடமாடும் ஊரில், பாம்பைக் கையில் எடுத்துப் பழகுவது பிள்ளைக்கு ஆபத்தான பாடம். விலகி நிற்பதும், இரவில் விளக்குடன் நடப்பதும், கடித்தால் உடனே மருத்துவமனைக்குப் போவதுமே இங்கே கற்பிக்க வேண்டியவை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாக்கும் நம் நாட்டுப் பாம்புகளை வகுப்பறையில் வளர்க்கவும் முடியாது. வெளிநாட்டுப் பாம்புகளை நாடினால், சென்னை விமான நிலையத்தில் பயணப் பெட்டிகளிலிருந்து சுங்கத்துறை பறிமுதல் செய்த பந்து மலைப்பாம்புகளை நினைத்துப் பார்க்க வேண்டும். கிண்டி பாம்புப் பண்ணைக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் வாய்ப்பு இருக்கையில், பள்ளிக்குச் சொந்தமாக ஒரு பாம்பு தேவையில்லை.

சோளப்பாம்பு 15 முதல் 20 ஆண்டுகள் வாழக்கூடியது. பந்து மலைப்பாம்புக்கு ஆயுள் இன்னும் கூடுதல். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சிசாலையில் 60 வயதைக் கடந்த ஒன்று 2020இல் முட்டையிட்டது. ஓராண்டில் வகுப்பு மாறும், ஐந்தாண்டில் ஆசிரியர் மாறலாம். கோடை விடுமுறையில் பள்ளி பூட்டியிருக்கும், குளிர்காலத்தில் வார இறுதியில் வெப்பமூட்டியை அணைத்துவிடுவார்கள். பள்ளியின் பாம்பு என்பதால் பொறுப்பு எல்லோருக்கும் உரியதாகி, கடைசியில் யாருக்கும் இல்லாமல் போகும். ஆயுள் முழுதும் இது என் பாம்பு, வேலை மாறினால் என்னுடன் வரும் என்று பெயரிட்டுச் சொல்ல ஒருவர் இல்லாத பள்ளி பாம்பை வாங்கக் கூடாது.

கைவிடப்படும் பாம்பு எங்கே போகும் என்பதற்கு ஃபுளோரிடா சான்று. செல்லப்பிராணி வணிகத்துக்காகக் கொண்டுவரப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள், விட்டுவிட்டவையும் தப்பியவையுமாக எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகின. முயல் முதல் மான் வரை அங்குள்ள விலங்குகளை விழுங்கின. அவற்றைத் தேடிப் பிடிக்க 2017இல் தமிழ்நாட்டின் இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அமெரிக்கா அழைத்துப்போனார்கள். தவறு செய்தவர்கள் வாங்கிய மனிதர்கள், உயிரை விடுபவை பாம்புகள்.

பிள்ளைகளின் உடல்நலத்தையும் பார்க்க வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஊர்வனவற்றைத் தொடக் கூடாது என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. ஆரோக்கியமாகத் தெரியும் பாம்பின் உடலிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். மழலையர் வகுப்புக்கு இதற்குமேல் விவாதமே வேண்டாம்.

இத்தனையும் பாம்பைப் பற்றியது. எலியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வளர்ந்த சோளப்பாம்பு ஒன்று வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ ஓர் எலியைத் தின்னும். 20 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் 500 முதல் 1,000 எலிகள். கொன்று உறையவைத்த எலியைக் கடையில் வாங்கி, பனி நீக்கிப் போடுகிறார்கள். உயிருள்ள எலியைப் போடுவது எலிக்குச் சித்திரவதை, பாம்பையும் எலி கடித்துப் புண்ணாக்கிவிடும் என்பதால் இந்த முறையே சரி. பாம்பு புலால் உண்டே தீர வேண்டிய உயிர், அதன்மேல் குற்றம் இல்லை. ஆனால் காட்டில் தானே வேட்டையாடும் பாம்புக்கும், பிள்ளைகள் பார்ப்பதற்காக நாம் வைத்துக்கொள்ளும் பாம்புக்கும் வேறுபாடு உண்டு. வகுப்பறைப் பாம்புக்காகச் சாகும் எலிகள் நம் விருப்பத்துக்காகச் சாகின்றன. இதை மறைத்து, மாலை மணி அடித்த பிறகே இரை போடும் பள்ளிகள் உண்டு. மறைக்கக் கூடாது. விவரம் புரியும் வயதுப் பிள்ளைகள் என்றால், பாம்பை வாங்கும் முன்பே இந்தக் கணக்கை அவர்கள் முன் வைத்து, சம்மதமா என்று கேட்க வேண்டும். பாம்பு மேல் ஆசை இருந்தும் அவர்களில் பாதிப் பேர் வேண்டாம் என்றால், அந்த வகுப்பு தொட்டியை வாங்காமல் இருப்பதே சரி.