பறித்தவன் இலாபமும் பறிகொடுத்தவன் கணக்கும்

ஃபிக்ஹுப் பாடத்தில் 'கஸ்பு' என்னும் பிரிவை, அதாவது பிறர் உடைமையை வலிந்து பறித்துக்கொள்வது பற்றிய சட்டங்களை, நாம் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் ஒரு வினா எழுப்பினார். "ஹழ்ரத், ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக்கி விற்றதால்தான் ஐரோப்பா செல்வம் பெற்றது என்கிறார்கள். அந்தச் செல்வத்திலிருந்து ஆலைகள் வந்தன, இரயில் வந்தது, மருந்து வந்தது. இன்று உலகமே அவற்றால் பயனடைகிறது. அப்படியானால் அந்தத் தீமையிலிருந்து நன்மை விளைந்தது என்று சொல்லலாமா?"

அன்று நாம் தந்த விடை எளிதானது. அடிமை வாணிகம் மேலை நாட்டார் செய்த அக்கிரமம் என்றோம். இஸ்லாம் அடிமைகளை விடுவித்த மார்க்கம் என்றோம். பிலால் (ரலி) அவர்களின் வரலாற்றை நினைவூட்டிப் பாடத்தை முடித்தோம். மாணவர் பணிவுடன் தலையசைத்தார். ஆனால் அவர் கேட்டது ஒன்று, நாம் கூறியது வேறொன்று என்பதை வீடு திரும்பும் வழியிலேயே உணர்ந்தோம். அந்தக் கடனை இங்கே அடைக்க முயல்கிறோம்.

நடந்தது யாது என்பதை முதலில் காண்போம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1866ஆம் ஆண்டு வரை, ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடல் கடந்து கொண்டுசெல்லப்படுவதற்காகக் கப்பலேற்றப்பட்டோர் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேர் என்று, கப்பல் பதிவேடுகளை ஆராய்ந்த வரலாற்றறிஞர்கள் கணித்துள்ளனர். அவர்களுள் உயிரோடு கரை சேர்ந்தோர் ஏறத்தாழ 1 கோடியே 7 இலட்சம். எஞ்சியோர் கடலிலேயே மாண்டனர். 1781இல் 'ஸோங்' என்னும் கப்பலின் மாலுமிகள், குடிநீர் போதவில்லை என்று காரணம் கூறி, நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கடலில் எறிந்தனர். 1783இல் இவ்விவகாரம் இலண்டன் நீதிமன்றத்துக்கு வந்தது. அது கொலை வழக்காக வரவில்லை. இழந்த சரக்குக்குக் காப்பீட்டுத் தொகை கேட்கும் வழக்காகவே வந்தது! மனிதனைக் கணக்கேட்டில் ஒரு வரியாக எழுதிவிட்டால் அவனுடைய மரணமும் ஒரு நட்டக் கணக்காகவே தோன்றும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இவ்வாணிகம் உலகப் பொருளாதார வளர்ச்சிக்கு எவ்வளவு உதவிற்று என்பது குறித்து அறிஞர்களிடையே நெடுங்கால விவாதம் ஒன்று உண்டு. பின்னாளில் டிரினிடாட் நாட்டின் முதற் பிரதமரான எரிக் வில்லியம்ஸ், 1944இல் வெளியிட்ட 'முதலாளித்துவமும் அடிமைத்தனமும்' என்னும் நூலில், அடிமை வாணிகமும் கரும்புத் தோட்டங்களும் ஈட்டித் தந்த இலாபம் இங்கிலாந்தின் தொழிற்புரட்சிக்கு முதலாயிற்று என்று வாதிட்டார். அந்த இலாபம் இங்கிலாந்தின் மொத்த வருவாயில் சிறு பங்கே என்று பொருளியலார் சிலர் மறுத்தனர். தோட்டங்கள் நலிந்த பின்னரே அடிமை வாணிகம் ஒழிக்கப்பட்டது என்னும் வில்லியம்ஸின் மற்றொரு கூற்றைச் செய்மூர் டிரெஷர் 1977இல் மறுத்தெழுதினார். இலாபத்தை மட்டும் பார்த்தல் போதாது. அடிமைகளின் உழைப்பால் விளைந்த சர்க்கரையும் பருத்தியும் எழுப்பிய சந்தையையே பார்க்க வேண்டும் என்று நைஜீரிய அறிஞர் ஜோசப் இனிகோரி 2002இல் எழுதினார். மறுபுறம், எந்தெந்தப் பகுதிகளிலிருந்து மிகுதியான மக்கள் பறித்துச் செல்லப்பட்டார்களோ அப்பகுதிகளில் அமைந்த நாடுகளே இன்று ஆப்பிரிக்காவில் மிகவும் வறியனவாய் இருக்கின்றன என்று நேதன் நன் 2008இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று.

இவையெல்லாம் அறிவுக்குரிய ஆய்வுகளே. இவற்றை நாம் குறை கூறவில்லை. ஆனால் இவ்விவாதம் நூலகத்தை விட்டுத் தெருவுக்கு வரும்போது ஒரு விபரீதம் நிகழ்கிறது. 'இலாபம் பெரிது' என்பதைக் கேட்ட ஒருவர், 'அப்படியானால் அது முன்னேற்றத்துக்கு உலகம் கொடுத்த விலை' என்கிறார். 'இலாபம் சிறிது' என்பதைக் கேட்ட மற்றொருவர், 'அப்படியானால் நாங்கள் எவருக்கும் கடன்பட்டவர்கள் அல்லர்' என்கிறார். இருவரும் எதிரெதிர் முனைகளில் நிற்பதாகத் தோன்றினாலும் இருவர் கையிலும் இருப்பது ஒரே அளவுகோல். பறித்தவனுக்கு என்ன கிடைத்தது என்பதைக் கொண்டே இருவரும் குற்றத்தை அளக்கிறார்கள்.

நம் மாணவருக்கு உரிய விடை அவர் கையில் விரித்து வைத்திருந்த பாடத்திலேயே இருந்தது. ஒருவன் மற்றொருவனின் தோணியைப் பறித்துக்கொண்டு மீன் பிடிக்கப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். தோணியைத் திருப்பித் தருவது அவன் கடமை. உடைந்திருந்தால் ஈடும் தர வேண்டும். அதோடு நில்லாமல், தோணி அவன் வசம் இருந்த நாள்களுக்குரிய வாடகையையும் தர வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். வலை நிறைய மீனோடு திரும்பினானா, வெறுங்கையோடு திரும்பினானா, அல்லது தோணியைக் கரையிலேயே கட்டிப் போட்டிருந்தானா என்பதைக் கொண்டு அந்த வாடகை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. பயன்பாட்டுக்குரிய ஈட்டில் ஹனஃபி இமாம்கள் மாறுபட்ட கருத்துடையவர்கள். எனினும் பறித்தவனின் இலாபமே பறிகொடுத்தவனின் உரிமைக்கு அளவு என்று அவர்களும் கூறவில்லை.

சுதந்திர மனிதனைப் பொறுத்தவரை சட்டம் இன்னும் நுட்பமானது. அவன் எவருடைய உடைமையும் ஆகான். ஆகவே அவனை 'உடைமையாகப் பறித்தல்' என்பதே செல்லாது. ஆனால் அவனைப் பிடித்து வைத்து வேலை வாங்கியவன், அவ்வேலைக்கு வழக்கத்திலுள்ள நியாயமான கூலியை, 'உஜ்ரத்துல் மிஸ்ல்' என்பதை, அவனுக்குத் தந்தே ஆக வேண்டும். தோட்டம் நட்டத்தில் நடந்தது என்பது சாக்காகாது. அத்தோட்டத்தால் ஊரே செழித்தது என்பதும் சாக்காகாது. கடன், பறித்தவன் பெற்றதைப் பொறுத்ததன்று. பறிகொடுத்தவன் இழந்ததைப் பொறுத்தது. நாம் இக்கட்டுரையில் கூற விழைவது இந்த ஒன்றையே.

இந்த அளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு வரலாற்றைப் பார்த்தால் திகைப்பு உண்டாகும். பிரிட்டன் 1833இல் சட்டமியற்றி, தன் குடியேற்ற நாடுகளில் ஏறத்தாழ 8 இலட்சம் அடிமைகளை விடுவித்தது. அப்போது 2 கோடி பவுன் ஈட்டுத்தொகையாக வழங்கப்பட்டது. யாருக்கு? அடிமைகளுக்கன்று, அவர்களை வைத்திருந்த எசமானர்களுக்கு! அதற்காக வாங்கிய கடனின் மிச்சம் 2015இல்தான் அடைந்து முடிந்தது. உழைத்தவர்களுக்கு ஒரு காசும் தரப்படவில்லை. 'பயிற்சிக் காலம்' என்னும் பெயரில் 1838 வரை அவர்களிடம் மேலும் வேலை வாங்கப்பட்டது. விடுதலை பெற்றோர் விட்டகன்ற மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கொண்டுசெல்லப்பட்டனர். நம் தமிழ் மக்களும் அவர்களுள் அடங்குவர். ஹைத்தியின் கதை இதனினும் கொடிது. அத்தீவின் அடிமைகள் தாமே போராடி 1804இல் விடுதலை பெற்றனர். 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, தன் குடிமக்கள் இழந்த உடைமைக்கு ஈடாக 15 கோடி பிராங்க் கேட்டது. 1838இல் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. பறிகொடுத்தவன் பறித்தவனுக்கு ஈடு செலுத்தினான். அதற்கெனக் கடன் வாங்கி வட்டியும் கட்டினான்!

இவ்வளவும் பிறர் கணக்கு. நம் கணக்கையும் எடுத்துப் பார்க்காவிடில் இக்கட்டுரை நீதியாகாது.

செனகல் ஆற்றுப் பகுதியிலுள்ள பூண்டு நாட்டில் அய்யூப் இப்னு சுலைமான் என்னும் மார்க்கக் கல்வி பெற்ற இளைஞர் இருந்தார். 1731இல் பிடிபட்டு, அமெரிக்காவின் மேரிலாந்தில் புகையிலைத் தோட்டத்தில் அடிமையானார். அவர் அரபியில் எழுதிய கடிதம் ஒன்றின் வாயிலாக விடுதலை பெற்று, இலண்டனில் தங்கி, திருக்குர்ஆனை நினைவிலிருந்தே எழுதிக் காட்டி, 1734இல் ஆப்பிரிக்கா திரும்பினார். இதுவரை சொல்வது நமக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் அவர் பிடிபட்டது எப்போது? இரண்டு அடிமைகளை ஆங்கிலேயரிடம் விற்றுக் காகிதமும் பிற பொருள்களும் வாங்கி வரும்படி தந்தையார் அனுப்ப, காம்பியா ஆற்றுப் பக்கம் சென்று திரும்பும் வழியில்! அவருடைய பெயரை வரலாறு காத்து வைத்தது. அவர் விற்ற அந்த இருவரின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

9ஆம் நூற்றாண்டில் பஸராவின் சதுப்பு நிலங்களில் உழைத்த ஸன்ஜ் அடிமைகள் 869 முதல் 883 வரை கிளர்ந்தெழுந்தது கிலாஃபத்தின் ஆட்சியில்தான். ஸான்ஸிபார்த் தீவின் கிராம்புத் தோட்டங்களில் அடிமைகள் உழைத்ததும், அங்கே அடிமைச் சந்தை 1873 வரை நடந்ததும் முஸ்லிம் சுல்தான்களின் ஆட்சியில்தான். சவூதி அரேபியாவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1962இல்தான். நம் ஃபிக்ஹு நூல்கள் போர்க் கைதி என்னும் ஒரு வாயிலை விட்டு வைத்திருந்தன. வணிகர்கள் அந்த வாயில் வழியாக ஊர்களையே ஓட்டிச் சென்றார்கள். இதைக் கண்டு வாய் திறந்த ஆலிம்களும் உண்டு. கறுத்த நிறம் அடிமைத்தனத்துக்குக் காரணமாகாது என்று திம்புக்துவின் அஹ்மத் பாபா 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார். ஆயினும் இறைமறுப்பு காரணமாகலாம் என்பதோடு அவர் நின்றுவிட்டார். பிடிபட்டு வருவோரின் அடிமை நிலையே ஐயத்துக்குரியது என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி, துனீசியாவின் அஹ்மத் பே 1846இல் அடிமை முறையையே ஒழித்தார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மொராக்கோ அறிஞர் அஹ்மத் அந்நாஸிரீ அவர்கள் கறுப்பின மக்களைப் பிடித்து விற்பதை வன்மையாகக் கண்டித்தார்கள். அடிமையின் கழுத்தை விடுவித்தலைக் கடினமான மேட்டுப் பாதையாகத் திருமறையின் 'அல்பலத்' அத்தியாயம் காட்டுகிறது. ஜகாத்துக்குரிய எட்டு வகையினருள் ஒன்றாகவும் அதை அல்லாஹ் அமைத்தான். பாதை காட்டப்பட்டிருந்தும் நம் முன்னோருள் பலர் அதில் ஏறவில்லை என்பதை நம் பிள்ளைகளிடம் நாமே கூறுவது நல்லது. பிறர் கூறிக் கேட்கும்போது அவர்கள் நம் சொல்லையே ஐயுறுவார்கள்.

இது பழங்கதையும் அன்று. உலகில் 2021இல் 2 கோடியே 76 இலட்சம் பேர் கட்டாய உழைப்பில் சிக்கியிருந்தனர் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டது. இவ்வழியில் ஆண்டுதோறும் ஈட்டப்படும் முறையற்ற இலாபம் 23,600 கோடி டாலர் என்று 2024இல் அது கணித்தது. நாடுகளின் வளர்ச்சியை அளக்கும் வருமானக் கணக்கில் ஆடை விற்ற விலை ஏறும். தைத்தவளின் கூலி நிலுவை ஏறாது. அக்கணக்கை வகுத்தவர்களுள் முதன்மையானவரான சைமன் குஸ்நெட்ஸ், ஒரு நாட்டின் நலத்தை அதன் வருமானத் தொகையிலிருந்து ஊகித்தல் அரிது என்று 1934இலேயே எச்சரித்திருந்தார்.

ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்ற ஒரு ஹதீஸ் குத்ஸியில், மறுமையில் மூவருக்கு எதிராகத் தானே வழக்காடுவதாக அல்லாஹ் அறிவிக்கிறான். தன் பெயரால் வாக்களித்து மோசம் செய்தவன் ஒருவன். சுதந்திர மனிதனை விற்று அந்த விலையைத் தின்றவன் ஒருவன். கூலிக்கு ஆள் அமர்த்தி, முழு வேலையும் வாங்கிக்கொண்டு, கூலி கொடாதவன் ஒருவன். அடிமை வணிகனும் கூலி மறுப்பவனும் சமமான குற்றவாளிகள் என்று நாம் கூற வரவில்லை. ஆனால் இருவரும் ஒரே கூண்டில் நிறுத்தப்படுகிறார்கள். வழக்காடுபவனோ அகில உலக இரட்சகன். வளைகுடாவில் தொழிலாளியின் கடவுச்சீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சம்பளம் தராத முதலாளியைப் பற்றி நம் இல்லங்களில் வருந்திப் பேசுகிறோம். நம் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் துலக்கும் பெண்மணியின் சென்ற மாதக் கூலி கொடுக்கப்பட்டுவிட்டதா என்பதையும் அதே மூச்சில் கேட்டுக்கொள்வோமாக.

இனி மாணவருக்கு உரிய விடையைக் கூறுகிறோம். தம்பி, ஆலையும் இரயிலும் மருந்தும் பயனுள்ளவையே. அவற்றை நாமும் பயன்படுத்துகிறோம். ஆனால் ஒருவனைக் கெடுத்த பணத்தில் ஊருக்குக் கிணறு வெட்டினாலும், கெட்டவனுக்குரிய கடன் கிணற்று நீரில் கரைவதில்லை. ஊரார் தாகம் தீர்வது ஒரு கணக்கு. அவனுடைய உரிமை மற்றொரு கணக்கு. அடியாரின் உரிமையை அந்த அடியார் மன்னிக்காமல் அல்லாஹ்வும் மன்னிப்பதில்லை என்றே நம் ஆலிம்கள் நமக்குக் கற்பித்தார்கள்.

ஃபூத்தா தோரோ நாட்டிலிருந்து 1807இல் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, சாகும்வரை விடுதலை பெறாத உமர் இப்னு ஸயீத் என்னும் கல்விமான், 1831இல் தம் வாழ்க்கையை அரபியில் எழுதினார். தம் கதையைத் தொடங்குமுன் அவர் எழுதியது, நம் இல்லங்களில் இரவு உறங்குமுன் ஓதப்படும் 'தபாரக்' சூராவை. ஆட்சியும் உடைமையும் அல்லாஹ் ஒருவனுக்கே என்று தொடங்கும் அத்தியாயம் அது. தம்மை உடைமையென்று எழுதி வைத்திருந்தவர்களின் கணக்கேட்டுக்கு அந்த முதியவர் தந்த மறுமொழியாகவே அது நமக்குப் படுகிறது. இன்றிரவு அதை ஓதும்போது அவரையும், பெயர் எழுதப்படாத அந்த இருவரையும் நினைத்துக்கொள்வோம்.

எவருடைய உரிமையும் நம் கழுத்தில் தொங்க, தன் சந்நிதியில் நிற்கும் இழிநிலையிலிருந்து வல்ல நாயன் நம்மைக் காப்பானாக! ஆமீன்.