அவருக்கும் ஒரு பங்கு கொடுங்கள்!

தலைப்பிரசவம் என்றதும் கணவர் அரை நாள் லீவு போட்டு, பை நிறைய மாங்காயோடு வந்து நிற்கிறாரா? சிரித்துவிடாதீர்கள் தோழிகளே!

பாபநாசத்தை அடுத்த திருக்கருகாவூர் தலபுராணம் தெரியும்தானே? நித்துருவ முனிவர் வெளியே போயிருந்த வேளையில்தான் வேதிகைக்குச் சோதனை வந்தது. கர்ப்பக் களைப்பில் கிடந்தவள் எழுந்து பிச்சையிடவில்லை என்று ஊர்த்துவபாதர் சபிக்க, கரு கலைந்தது. அம்பிகை அதைக் குடத்தில் வைத்துக் காத்து, நைத்துருவன் என்ற பிள்ளையாகத் தந்தாள். அவளே கர்ப்பரட்சாம்பிகை. 'அன்று அவர் வீட்டில் இருந்திருந்தால்...' என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

சீமந்தத்தில் முள்ளம்பன்றி முள்ளால் வகிடெடுப்பவர் கணவர்தான். நாமோ வளையல் சத்தத்தில் அவரை ஓரமாக நிறுத்திவிடுகிறோம். அவருக்கும் உள்ளூரப் பயம் உண்டு, சொல்லத் தெரியாது. கருகாவூர் அம்மன் சந்நிதியில் சுகப்பிரசவத்துக்குத் தரும் விளக்கெண்ணெயை அவரையே போய் வாங்கிவரச் சொல்லுங்கள். வலி கண்டதும் வயிற்றில் தடவுவதற்கு, எடுத்த கைக்குக் கிடைக்கும்படி அவரே பூஜையறையில் வைக்கட்டும்.