கண்ணுக்குத் தெரியாத புகை

அடுப்பில் வேகும் கறியின் வாசனையால் அண்டை வீட்டாரை ஏங்க வைக்கக் கூடாது. ஓர் அகப்பையாவது அவருக்கும் கொடுக்க வேண்டும் என்ற கருத்தில் ஒரு ரிவாயத்து வந்திருக்கிறது. அதன் ஸனது பலவீனமானது என்று முஹத்திஸ்கள் சொல்லியிருப்பதால் அதை ஆதாரமாக எடுக்க நாம் விரும்பவில்லை. ஆயினும் வாசனைக்கே இவ்வளவு யோசனை என்றால் புகைக்கு என்ன சட்டம் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

ஃபுகஹாக்கள் கேட்டிருக்கிறார்கள். வீடுகளுக்கு நடுவே ஒருவர் தம் சொந்த மனையில் ரொட்டி அடுப்போ ஹம்மாமோ கட்டினால், அதன் புகையால் தொல்லைப்படும் அண்டை வீட்டார் தடுக்கலாம் என்று மாலிகி மத்ஹபின் அல்முதவ்வனா கூறுகிறது. நம் ஷாஃபிஈ மத்ஹபிலோ, இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில், தக்க முன்னெச்சரிக்கை செய்து கொண்டால் அவர் கட்டலாம் என்பதையே மிகச் சரியான சொல்லாகக் கொள்கிறார்கள். சொத்துக்காரரின் உரிமையையும் இலேசாக ஒதுக்கிவிட முடியாது.

இந்தப் பழைய மஸ்அலாவை நியூயார்க் நகரத்துக்குக் கொண்டு போவோம். 2001-ஆம் ஆண்டுக் கோடையில் மின்சாரம் போதாமற் போகும் என்றஞ்சி, அம்மாநில அரசின் மின்சார நிறுவனம் எரிவாயுவில் ஓடும் 11 டர்பைன்களை அவசர அவசரமாக நிறுவியது. அவற்றில் 10 நகரத்துக்குள்ளேயே. 4, ஏழைகள் நெருங்கி வாழ்வதும் ஆஸ்துமா மிகுந்ததுமான தென் பிராங்க்ஸ் பகுதியில். தற்காலிக ஏற்பாடுதான் என்றார்கள்.

எரிவாயு சுத்தமானது என்று பெயர். நிலக்கரியைப் போல் சாம்பல் இல்லை. கந்தகமும் வெகு சொற்பம். ஆனால் ஜுவாலையின் கடுஞ் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்ஸைடுகள் ஆகின்றன. வெயில் பட்டால் இவையே, காற்றில் உலவும் வேறு ஆவிகளுடன் கலந்து ஓஸோன் ஆகின்றன. அம்மோனியாவுடன் கூடி நுண்துகள்களும் ஆகின்றன. உச்சத் தேவைக்கென வைத்த டர்பைன்கள் ஓடுவதோ பெரும்பாலும் கொளுத்தும் நாட்களில், ஏற்கெனவே காற்று கெட்டிருக்கும் நேரத்தில்! ரொட்டி அடுப்பின் புகையையாவது அண்டை வீட்டார் கண்ணால் பார்த்து முறையிடலாம். இங்கே பிள்ளைக்கு மூச்சிரைக்கிறது. குழாயின் மேல் வானம் நீலமாகவே இருக்கிறது.

நம்மை மிகவும் உறுத்துவது இன்னொன்று. 80 மெகாவாட் எட்டும் மின் நிலையத்துக்கு அன்று அந்த மாநிலச் சட்டத்தில் விரிவான விசாரணை உண்டு. இரண்டு டர்பைன்கள் சேர்ந்தால் அந்த அளவைத் தாண்டிவிடும் இடங்களில் 79.9-ஓடு நிறுத்திக் கொண்டார்கள். கிதாபு ஓதியவர்களுக்கு இதன் பெயரைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஹீலா! ஜகாத்துக்கு வருஷம் நிறையுமுன் பொருளை மனைவி பேருக்கு மாற்றி வைப்பவரை நாம் கண்டதில்லையா? நுண்துகளின் தீங்கைச் சரிவர ஆராயவில்லை என்று அதே 2001-இல் நீதிமன்றம் கண்டித்தது. டர்பைன்களை எடுக்கச் சொல்லவில்லை. 2030 முடிவதற்குள் நிறுத்த வேண்டும் என்று 2023-இல்தான் சட்டம் வந்தது. அதிலும், மின் வினியோகத்துக்கு அவசியமானால் விலக்கு உண்டு. தீங்குக்குப் பழமையால் உரிமை வராது என்பது மஜல்லாவின் விதி. தற்காலிகம் என்ற சொல்லுக்கோ இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயுள் கிடைத்துவிட்டது.

இதைப் பாடத்தில் சொன்னபோது மாணவர் ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத், அடுப்புக்காரர் குற்றவாளி என்றால் ரொட்டி வாங்கித் தின்றவர்?"

விசிறியையும் குளிர்சாதனத்தையும் முடுக்கும் எல்லோரையும் பற்றிய கேள்வி இது. ஃபுகஹாக்கள் அடுப்புக்காரரையே பொறுப்பாக்கினார்கள். ரொட்டி வாங்கியவரைத் தேடிப் போகவில்லை. வெப்பத்தில் வாடும் நோயாளி விசிறி போடுவதைப் பாவம் என்று நாமும் சொல்ல மாட்டோம். ஆனால், புகைபோக்கியை உயர்த்த ரொட்டிக்குக் காலணா கூடும் என்று அடுப்புக்காரர் சொல்லும்போது, "அதெல்லாம் வேண்டாம், பழைய விலைக்கே கொடு" என்று வாங்குபவர் பிடிவாதம் பிடித்தால்? அந்த மாணவரிடம் நாம் சொன்னது, அப்போது அவரும் அந்தப் புகையில் பங்காளி என்பதுதான்.